குமரி மாவட்டத்தில் தேனீக்கு மரம் நடுவது: பூ இல்லாத பஞ்ச மாதத்திலிருந்து தொடங்கும் முழு வழிகாட்டி

தை மாதக் காலையில் ஒரு ரப்பர் தோட்டத்துக்குள் போய், கைக்கு எட்டும் கிளையில் ஒரு இளந்தளிரைத் திருப்பிப் பாருங்கள். மூன்று இலைகளும் காம்போடு சேரும் இடத்தில் சின்னச் சின்ன மேடாகச் சுரப்பிகள் இருக்கும். செம்பு நிறம் மாறி இலை வெளிர்பச்சைக்கு வரும் நாட்களில் அந்த இடம் ஈரமாக மின்னும். விரலால் தொட்டு நாக்கில் வைத்தால் இனிக்கும். புவிசார் குறியீடு பெற்ற நம் மார்த்தாண்டம் தேனில் பெரும்பங்கு இந்தச் சொட்டுகளால் ஆனது. ரப்பர் இலையுதிர்த்துத் தளிர்க்கும் ஜனவரியிலிருந்து மார்ச் வரை தேனீப் பெட்டிகள் நிறையும். இலை முற்றியதும் சுரப்பு நின்றுவிடும்.

ஆகவே தேன் தரும் மரம் ஏற்கெனவே பக்கத்து மலைச்சரிவெல்லாம் நிற்கிறது. பிறகு நாம் எதற்கு மரம் நட வேண்டும்? ரப்பர் தளிர்க்கும் அந்த நாள்வரை தேனீக் கூட்டம் உயிரோடும் பலத்தோடும் இருப்பதற்காக. "தேனுக்கு என்ன மரம் நடலாம்?" என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: உங்கள் பெட்டி எந்த மாதம் பட்டினி கிடக்கிறது? அந்த மாதத்தில் பூக்கும் மரம்தான் உங்களுக்கான மரம்.

முதலில் ஒரு கணக்கு

ராணி இட்ட முட்டை, வேலைக்காரத் தேனீயாக வெளிவர ஏறக்குறைய 20 நாள் ஆகும். வந்த உடனே அது வெளியே பறக்காது. புழுவுக்கு ஊட்டுவது, தேனடை கட்டுவது, கூட்டைத் துப்புரவாக்குவது என்று இன்னும் இரண்டு மூன்று வாரம் உள்வேலைதான். ஆகமொத்தம் சுமார் 40 நாள். ஜனவரி கடைசியில் ரப்பர் தளிருக்குப் போகவேண்டிய தேனீ, டிசம்பர் நடுவில் முட்டையாக இருந்திருக்க வேண்டும். டிசம்பரில் ராணி நிறைய முட்டையிட வேண்டுமானால் நவம்பரிலும் டிசம்பரிலும் மகரந்தம் தட்டில்லாமல் வரவேண்டும்.

மகரந்தம் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பூந்தேன் தேனீக்குச் சோறு என்றால் மகரந்தம்தான் பருப்பு. புழுவுக்கு ஊட்டும் பால் அதிலிருந்துதான் உண்டாகிறது. மழைக்காலத்தில் நாம் வைக்கும் சர்க்கரைப்பாகு கூட்டத்தைச் சாகாமல் வைத்திருக்கும். பாகு மட்டும் குடித்துக் கூட்டம் பெருகாது.

நம் மாவட்டத்துக்கு இரண்டு மழை. ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை, அக்டோபரில் வரும் வடகிழக்கு மழை. இரண்டிலும் தேனீ வெளியே போகும் நேரம் குறையும், பூவில் இருப்பதும் கழுவிப் போகும். ஜூன் முதல் செப்டம்பர் வரைதான் கடும் பஞ்சம். நாம் பெட்டியில் வளர்க்கும் இந்தியத் தேனீ பசி பொறுக்காது. ஒரு ஆடி மாதம் என் பெட்டியொன்றைப் பத்து நாள் பார்க்காமல் விட்டுவிட்டேன். அப்புறம் மூடியைத் திறந்தால் ஆறு மரச்சட்டத்திலும் அடை வெறுமையாக, காகிதம் போல உலர்ந்து கிடந்தது. ஒரு புழு இல்லை, செத்த தேனீகூட இல்லை. மொத்தக் கூட்டமும் எழுந்து போயிருந்தது. சுற்றிலும் பச்சைப் பசேலென்று மரங்கள். அவற்றில் ஒன்றிலும் பூ இல்லை.

படி 1: ஒரு கிலோமீட்டர் சுற்றுவட்டத்தை நடந்து பாருங்கள்

இந்தியத் தேனீ பெரும்பாலும் ஒரு கிலோமீட்டருக்குள்தான் உணவு தேடும். ஒரு கிலோமீட்டர் ஆரமுள்ள வட்டம் என்றால் 314 ஹெக்டேர், அதாவது 775 ஏக்கருக்கு மேல். உங்கள் விளை, அதாவது தோட்டம், 20 சென்ட் என்றால் அந்த வட்டத்தில் அது ஒரு புள்ளி. அந்தப் புள்ளியால் ஒரு பெட்டியை வருடம் முழுவதும் போஷிக்க முடியாது. வட்டத்தில் என்ன இருக்கிறது, எது இல்லை என்று தெரிந்துகொண்டு, இல்லாததை மட்டும் அந்தப் புள்ளியில் வைக்கலாம்.

ஒரு நோட்டுப் புத்தகம் போதும். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு சுற்று நடந்து, எந்த மரம் எங்கே பூத்திருக்கிறது, தேனீ உட்காருகிறதா என்று எழுதுங்கள். கூடவே பெட்டி வாசலில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து, பின்னங்காலில் மகரந்த உருண்டையோடு வருகிற தேனீக்களை எண்ணுங்கள். காலை எட்டு மணி சுமாருக்குப் பார்ப்பது நல்லது. ஒரு வருடம் இப்படி எழுதினால் உங்கள் ஊரின் பஞ்ச மாதம் எது என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லாத அளவுக்குத் துல்லியமாகத் தெரிந்துவிடும். விளவங்கோட்டில் உள்ளவருக்கும் தோவாளையில் உள்ளவருக்கும் அந்த மாதம் ஒன்றாக இருக்காது.

காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்கள் முருங்கையும் வாழையும் உடனே வைக்கலாம். அதில் தவறு போகாது.

படி 2: மாதத்துக்கேற்ற மரத்தைப் பிடியுங்கள்

*ஜூன் முதல் செப்டம்பர் வரை.* இந்த மாதங்களில் பூக்கும் மரம் கொஞ்சம்தான் என்பதால் கிடைப்பதை விடக் கூடாது. பெருமரங்களில் தேக்கு. மழையோடு மழையாக வெள்ளைப் பூங்கொத்து எடுக்கும், வெயில் தலைகாட்டும் நேரத்தில் தேனீ அதில் மொய்க்கும். வரப்போரம் பத்துத் தேக்கு நிற்கும் வீடு என்றால் பெட்டிக்குப் பாதி ஆறுதல்.

அதைவிட நான் நம்புவது வாழையை. மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில் தொங்கும் வாழைப்பூவின் மடலை மெல்லத் தூக்கிப் பாருங்கள். சிவந்த மடல் கூரையாக நிற்க, அதன் அடியில் வரிசையாக இருக்கும் பூக்களில் பிசுபிசுவென்று தேன். சின்ன வயதில் நாம் உறிஞ்சியது அதைத்தான். வெளியே எல்லாப் பூவும் நனைந்து கழுவிப்போன நாளிலும் அந்தக் கூரைக்கடியில் தேன் பத்திரமாக இருக்கும். மட்டி, செவ்வாழை, ஏத்தன் என்று ரகம் எதுவானாலும் சரி, எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் நடாமல், இரண்டு மாத இடைவெளியில் சில கன்றுகளாகப் பிரித்து நட்டால் வருடம் முழுக்க எங்காவது ஒரு குலை பூவோடு இருக்கும். தேனீக்காக வாழை நடுவோர் செய்யவேண்டியது இது ஒன்றுதான்.

தென்னை வருடம் முழுவதும் பாளை விடும். நன்றாகக் காய்க்கும் மரம் மாதத்துக்கு ஒன்று என்ற கணக்கில் விரிக்கும். மகரந்தத்துக்கு இதைப்போல் நம்பகமான மரம் இல்லை. கமுகும் துணை. உங்கள் வட்டத்தில் தென்னந்தோப்பு இருந்தால் புதிதாகத் தென்னை நட வேண்டியதில்லை, அந்த இடத்தை வேறொன்றுக்குக் கொடுங்கள்.

சர்க்கரைப்பழ மரம் என்று பிள்ளைகள் சொல்லும் சிறு மரம், சின்ன வெள்ளைப் பூவும் சிவப்புப் பழமுமாக நிற்குமே, அதுவும் பெரும்பாலான மாதங்களில் பூக்கும். வேகமாக வளர்ந்து நிழலும் தரும். வேலியோரத்துக்கு ஏற்றது.

*அக்டோபர் முதல் டிசம்பர் வரை.* மேலே போட்ட கணக்குப்படி கூட்டத்தைப் பெருக்க வேண்டிய காலம். இலந்தை செப்டம்பர் கடைசியிலிருந்து பூக்கும். அந்தப் பூவைப் பலர் கவனித்திருக்கக்கூட மாட்டார்கள், அவ்வளவு சின்னது, பசுமஞ்சள் நிறம். ஆனால் மரத்தடியில் நின்றால் ரீங்காரம் கேட்கும். பூவந்தி என்கிற பூந்திக்கொட்டை மரமும் இந்தக் காலத்ததுதான். நான் ஒரே ஒரு பெருமரம்தான் நட முடியும் என்றால் பூவந்தியை நடுவேன். பூந்தேனும் மகரந்தமும் இரண்டும் தரும், காயை எண்ணெய்க்குளியலுக்கும் துணி துவைக்கவும் வீட்டில் வைத்துக்கொள்ளலாம். வேங்கை சில நாட்கள்தான் பூக்கும், ஆனால் அந்த நாட்களில் மரமே மஞ்சளாகிவிடும். அதுவும் நடத்தக்கதுதான், அதை மட்டும் நம்பியிருக்கக் கூடாது.

முருங்கை எந்தக் காலத்துக்கும் உரியது. ஆண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை பூக்கும். கவாத்து செய்யும் மாதத்தை மாற்றிப் பூக்கும் மாதத்தையும் ஓரளவு நகர்த்தலாம். நான்கு மரம் இருந்தால் நான்கையும் ஒரே நாளில் வெட்டாதீர்கள்.

*ஜனவரிக்குப் பிறகு.* இங்கே வேகமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அப்போது பஞ்சம் இல்லை. கொல்லாமா, அதாவது முந்திரி, டிசம்பரிலிருந்து மார்ச் வரை. மாம்பூவிலும் தேனீ கொஞ்சம் உட்காரும். வேம்பு, புங்கன், நாவல், நெல்லி, புளி ஆகியவை மாசி பங்குனி தொடங்கி வைகாசி வரை ஒன்றன்பின் ஒன்றாகப் பூக்கும். ரப்பர் இலை முற்றிய பிறகு, மழை தொடங்கும்வரை உள்ள இடைவெளியை நாவலும் புளியும் புங்கனும் நிரப்பும். அந்தத் தேனை எடுக்காமல் கூட்டத்துக்கே விட்டுவைத்தால் ஆனி ஆடிக்கு அது கையிருப்பு. பூமருது அழகாகப் பூக்கும், தேனீ அதில் மகரந்தம் மட்டும் எடுக்கும், பூந்தேன் கிடையாது.

படி 3: மண்ணும் காற்றும் விடுமா?

மேற்கே விளவங்கோடு, திருவட்டாறு, கல்குளம் பக்கம் மழையும் செம்மண்ணும் நிறைய. மேலே சொன்ன எதுவும் வளரும். கோதையாறு, பரளியாறு கரையோரம் நிலம் உள்ளவர்கள் நீர்மருதும் நாவலும் வைக்கலாம். இரண்டும் கால் நனைவதைப் பொறுக்கும், கரையையும் பிடிக்கும்.

தோவாளை, ஆரல்வாய்மொழி பக்கம் கதையே வேறு. கணவாய்க் காற்று வைகாசி தொடங்கி மாதக்கணக்கில் அடிக்கும். அந்தக் காற்றில் தேனீ நேராகப் பறக்கவே பாடுபடும், உயரமான மரத்தில் பூ இருந்தும் எட்டாமல் போகும். அங்கே முதலில் மேற்குப் பக்கம் புங்கனும் வேம்பும் நெருக்கமாக நட்டுக் காற்றை உடையுங்கள். அதன் மறைவில் இலந்தை, நெல்லி, முருங்கை போன்ற குட்டை மரங்கள். பெட்டியும் அந்த மறைவில்தான் இருக்க வேண்டும்.

கடற்கரையில் மணலும் உப்புக்காற்றும். புன்னை அதற்கென்றே பிறந்த மரம். வெள்ளைப் பூவின் நடுவில் மஞ்சள் மகரந்தத் தண்டுகள் கற்றையாக நிற்கும். புன்னையோடு கொல்லாமா, தென்னை, பனை. பனையில் ஆண்மரம்தான் மகரந்தம் தரும். நுங்கு தராத மரம் என்று அதை முதலில் வெட்டிவிடுகிறார்கள், தயவுசெய்து வெட்டாதீர்கள். பதநீர்க் கலயத்தில் தேனீ விழுந்து சாவதும் உண்டு, வாயில் வலைத்துணி கட்டினால் தப்பிக்கும்.

படி 4: நடுவதற்கு முன் பூவைச் சோதியுங்கள்

பட்டியலை நம்பி நடாதீர்கள், நான் எழுதியதையும் சேர்த்துத்தான். அதே மரம் உங்கள் ஊரில் பூத்து நிற்கும்போது காலை ஏழு முதல் பத்து மணிக்குள் ஒருதடவை போய் நில்லுங்கள். தேனீ பூவில் தலையை நுழைத்துச் சில நொடி அசையாமல் இருந்தால் பூந்தேன் குடிக்கிறது. பூவின் மேல் ஓடி ஓடிக் காலால் வாரினால் மகரந்தம் சேர்க்கிறது. வந்து சுற்றிப் பார்த்துவிட்டுப் போனால் அதற்கு அங்கே வேலையில்லை.

கண்ணைப் பறிக்கும் பூ வேறு, தேனீக்கு உதவும் பூ வேறு. குல்மொகர் என்கிற செம்மயிற்கொன்றை, சரக்கொன்றை இரண்டும் பெரிய வண்டுகளுக்கு உரியவை. சாலையோரத்தில் ஆரஞ்சு நிறக் கிண்ணம் போலப் பூக்கும் ஆப்பிரிக்க துலிப் மரத்தைப் பெட்டிப் பக்கம் நடவே வேண்டாம், அதன் பூவுக்குள் தேனீக்கள், குறிப்பாகக் கொடுக்கில்லாத சிறு தேனீக்கள் செத்துக் கிடப்பதைப் பார்க்கலாம். மலையில் கிராம்புத் தோட்டம் உள்ளவர்கள் அதைக் கணக்கில் சேர்ப்பதுண்டு. கிராம்பை விரியாத மொட்டாகவே பறித்துவிடுகிறோம், அப்புறம் தேனீக்கு என்ன மிஞ்சும்?

படி 5: ஒரு வகையில் ஐந்தாறு

ஒரு பயணத்தில் தேனீ ஒரே வகைப் பூவுக்குத்தான் போகும். அதுதான் அதன் பழக்கம். பத்து வகை மரத்தில் ஒவ்வொன்று நடுவதைவிட, மூன்று வகையில் ஐந்தாறு நடுவது அதற்கு அதிகம் உதவும். இடம் இல்லையா? அண்டை வீட்டாரோடு பேசுங்கள். ஒரு தெருவில் ஏழு வீட்டில் ஆளுக்கொரு பூவந்தி நின்றால் தேனீயின் கண்ணுக்கு அது ஒரே தோப்பு. வேலி எங்கே ஓடுகிறது என்று அதற்குத் தெரியாது.

20 சென்ட் விளைக்கு என் யோசனை: எல்லையில் பூவந்தி 2, நாவல் 1, தேக்கு 4 அல்லது 5. உள்ளே முருங்கை 5, இலந்தை 3. மிச்ச இடத்தில் சுழற்சியாக வாழை. இது சட்டமில்லை, நோட்டுப் புத்தகம் வேறு சொன்னால் அதைக் கேளுங்கள்.

படி 6: கன்று வாங்குவதும் நடுவதும்

எவ்வளவு நாளில் பூக்கும் என்று கேட்டுத் திட்டமிடுங்கள். செடிமுருங்கை சில மாதங்களிலேயே பூக்கும். வாழை வருடத்துக்குள். கொல்லாமா ஒட்டுக்கன்று மூன்றாம் வருடம். நாவல், புளி ஒட்டுக்கன்று என்றால் நான்கைந்து வருடம், விதைக்கன்று என்றால் அதற்கு இரண்டு மடங்கு ஆகலாம். பூவந்திக்குப் பொறுமை வேண்டும். அதனால்தான் மெதுவாக வளரும் மரத்தை முதல் வருடமே நட்டுவிட வேண்டும் என்கிறேன். அது வளரும்வரை முருங்கையும் வாழையும் பார்த்துக்கொள்ளும்.

ஒட்டுக்கன்று என்று சொல்லி எனக்கு ஒரு நர்சரியில் விதைக்கன்றைக் கொடுத்துவிட்டார்கள். ஐந்தாம் வருடம்தான் தெரிந்தது. கன்றின் அடியில் ஒட்டுப் போட்ட தழும்பு தெரிகிறதா, துளிர் தழும்புக்கு மேலிருந்து வருகிறதா என்று நீங்களே குனிந்து பார்த்து வாங்குங்கள். பேச்சிப்பாறை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்திலும் கன்னியாகுமரி அரசு பழத்தோட்டத்திலும் கேட்டுப் பார்க்கலாம். தேக்கு, வேங்கை, புங்கன் போன்றவற்றுக்கு வனத்துறை நாற்றங்கால்.

மேற்கே ஜூன் முதல் மழையில் நடுங்கள். கிழக்கே அக்டோபர் மழை வரை பொறுப்பது நல்லது, ஆடிக்காற்றில் இளங்கன்று காய்ந்துவிடும். பழமரத்துக்கு மூன்றடி நீள அகல ஆழம், மற்றவற்றுக்கு இரண்டடி போதும். மேல்மண்ணோடு மக்கிய சாணம் கலந்து நிரப்பி, சுற்றுத் தரையைவிடச் சற்று உயரமாக அணையுங்கள். குழியில் தண்ணீர் தேங்கினால் ஜூலையிலேயே கன்று அழுகும். கோடை தொடங்கும்போது தென்னம்மட்டையும் தேங்காய்த் தொண்டும் போட்டு அடியை மூடுங்கள். முதல் இரண்டு கோடையைத் தாண்டினால் பெரும்பாலானவை பிழைக்கும்.

படி 7: மரத்தடியையும் விடாதீர்கள்

தொட்டாற்சுருங்கியைக் களை என்று பிடுங்குகிறோம், களைக்கொல்லி அடிக்கிறோம். மழைக்காலக் காலையில், ரப்பர் தோட்டத்து ஓரத்தில் அதன் ஊதாப் பந்துகளைக் குனிந்து பாருங்கள். வெயில் ஏறுவதற்குள் தேனீ ஒவ்வொரு பந்தாக உருட்டி மகரந்தம் எடுத்துக்கொண்டிருக்கும். ஆவணியில் பெட்டிக்குள் புழு இருக்கிறதென்றால் அந்த முள்செடிக்கு அதில் பங்குண்டு. நடைபாதையில் அறுத்துவிட்டு, ஓரங்களில் விடுங்கள். தும்பையையும் துளசியையும் விடுங்கள். வேலியில் கொடிரோஜா படரவிட்டால் மரம் வளரும்வரை அதுவே வருடம் முழுக்கப் பூத்துக்கொண்டிருக்கும்.

படி 8: மருந்து

நட்ட மரம் பூத்து, அந்தப் பூவுக்குப் போன தேனீ திரும்பி வராமல் போவதைவிடக் கொடுமை இல்லை. கொல்லாமா பூக்கும்போது தேயிலைக் கொசு என்கிற பூச்சிக்கு மருந்தடிப்பார்கள். நம் மரத்தில் நாம் அடிக்காவிட்டாலும் அடுத்த விளையில் அடிப்பார்கள். முன்கூட்டிப் போய்ப் பேசிவிடுவது ஒன்றே வழி. "அண்ணே, பூவுக்கு மருந்து அடிக்கிற அன்னைக்கு முந்தின நாள் ஒரு வார்த்தை சொல்லணும். சாயங்காலம் அடிச்சா எனக்குப் பெரிய உதவி" என்று அடுத்த விளைக்காரரிடம் நான் கேட்டேன். "அதுக்கென்ன மக்கா, சொல்லுதேன்" என்றார். அன்றிலிருந்து ஒவ்வொரு வருடமும் சொல்லியனுப்புகிறார், தேனெடுத்ததும் முதல் பாட்டில் அவர் வீட்டுக்குப் போகிறது. அவர் சொன்ன நாளில் மாலையிலேயே வாசலை வலையால் அடைத்து, மறுநாள் ஒரு பொழுது காற்றோட்டமாக நிழலில் வைத்துவிட்டுத் திறப்பேன்.

வாழைக்கு வேரில் இடும் ஊடுருவும் மருந்துகள் செடி முழுவதும் பரவி, பூந்தேனுக்கும் வரும். தேனீக்காக வைத்த வாழைக்கு அதைப் போடவே கூடாது.

1991-92 வாக்கில் தாய்லாந்து பைப்புழு நோய் நம் மாவட்டத்திலும் கேரளத்திலும் இந்தியத் தேனீக் கூட்டங்களைக் கொத்துக் கொத்தாக அழித்தது. வெறும் பெட்டிகளை அடுக்கி வைத்துக்கொண்டு தொழிலை விட்டவர்கள் எத்தனையோ பேர். மரம் நட்டு அந்த நோயைத் தடுத்துவிட முடியாது. ஆனால் பட்டினியால் மெலிந்த கூட்டம் எந்த நோய்க்கும் முதலில் விழும் என்பதை அனுபவத்தில் கண்டவர்கள் எல்லாரும் சொல்வார்கள்.

பலித்ததா என்று எப்படித் தெரியும்?

முதல் வருட நோட்டை எடுத்து வையுங்கள். அதே வாசல், அதே காலை எட்டு மணி, அதே ஐந்து நிமிடம். நவம்பர் மூன்றாம் வாரத்தில் மகரந்தத்தோடு வரும் தேனீக்களை எண்ணி, முதல் வருட எண்ணுக்குப் பக்கத்தில் எழுதுங்கள். மழை பெய்த நாளை விட்டுவிட்டு மூன்று நாள் எண்ணிச் சராசரி எடுத்தால் நம்பலாம். எண்ணிக்கை ஏறவில்லையென்றால் நட்டது தேனீக்கு எட்டவில்லை, அல்லது வேறு மாதத்தில் பூக்கிறது. அடுத்த ஜூனுக்கு எந்தக் கன்று வாங்குவது என்பதை அந்தப் பக்கத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.